குறைந்த வாயு ஓட்ட மயக்கமருந்து முறையில் நச்சுச் சிதைபொருள்களைக் கட்டுப்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

குறைந்த வாயு ஓட்டத்தில் மயக்கமருந்து கொடுப்பதால் மருந்துச் செலவு குறைகிறது, நோயாளியின் மூச்சுப்பாதையில் வெப்பமும் ஈரமும் தங்குகின்றன, வெளியே போய் வளிமண்டலத்தில் கலக்கும் ஆவியின் அளவும் இறங்குகிறது. நூறு ஆண்டுக் கணக்கில், மயக்க ஆவிகளான டெஸ்ஃப்ளூரேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 2,500 மடங்கும், ஐசோஃப்ளூரேன் சுமார் 500 மடங்கும், செவோஃப்ளூரேன் சுமார் 130 மடங்கும் புவியை வெப்பமாக்கக்கூடியவை என்பதால், இந்தக் கடைசிக் காரணம் மட்டுமே ஓட்டத்தைக் குறைக்கப் போதுமானது. ஆனால் நோயாளி வெளிவிட்ட மூச்சையே சுத்தப்படுத்தி மறுபடி உள்ளே அனுப்பும்போது, அதிலுள்ள மயக்க ஆவி ஒவ்வொரு சுற்றிலும் கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்பின் ஊடாகக் கடந்து செல்கிறது. அங்கே ஆவியின் ஒரு பகுதி சிதைந்து, நோயாளி சுவாசிக்கக் கூடாத பொருள்களாக மாறுகிறது.

இந்த அபாயத்துக்குப் பலரும் சொல்லும் தீர்வு, புதிய வாயு ஓட்டத்தை நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அது பாதி உண்மை. ஒரு வகை நச்சை அது நீர்த்துப்போகச் செய்யும். மற்றொரு வகை நச்சுக்கு அதுவே வழிவகுக்கும், ஏனெனில் உலர்ந்த வாயு அதிகமாகப் பாயப் பாயச் சுண்ணாம்பு காய்கிறது. கேனிஸ்டரில் (சுண்ணாம்பு நிரப்பும் கலத்தில்) என்ன சுண்ணாம்பு இருக்கிறது, அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருப்பதே உண்மையான பாதுகாப்பு. மயக்கவியல் மருத்துவர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் தியேட்டர் டெக்னீஷியன்களும் அந்த விடையை ஒவ்வொரு நாளும் கையில் வைத்திருப்பதற்கான வழிமுறையே இங்கே படிப்படியாக எழுதப்படுகிறது.

சிதைவு எங்கே, எதனால் நடக்கிறது

கரியமில வாயுவை உறிஞ்ச வழக்கமாகப் பயன்படும் சுண்ணாம்பான சோடா லைமின் பெரும்பகுதி, அதாவது ஏறத்தாழ 80%, கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலையில் தடவும் நீர்த்த சுண்ணாம்பும் அதே பொருள்தான். சுமார் 15% நீர். மிச்சத்தில் 4% அளவுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடும், பழைய கலவைகளில் 1% வரை பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் இருக்கும். கரியமில வாயு முதலில் நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அது சோடியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து சோடியம் கார்பனேட், நீர், வெப்பம் ஆகியவற்றைத் தருகிறது. அந்தச் சோடியம் கார்பனேட் பிறகு கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகிச் சோடியம் ஹைட்ராக்சைடை விடுவிக்கிறது. வலிமையான காரங்களைச் சிறிதளவு சேர்த்ததன் நோக்கம் இந்த உறிஞ்சுதலை வேகப்படுத்துவது. மயக்க ஆவியைச் சிதைப்பவையும் அதே காரங்கள்தான்.

செவோஃப்ளூரேன் மூலக்கூறிலிருந்து இந்தக் காரங்கள் ஹைட்ரஜன் ஃப்ளோரைடைப் பிரித்தெடுக்கும்போது உருவாகும் வினைல் ஈதரே காம்பவுண்ட் ஏ. இது ஈரமான, இயல்பான சோடா லைமிலும் உருவாகும். நோயாளியையும் இயந்திரத்தையும் இணைக்கும் மூச்சுச்சுற்றுக்குள் வரும் புதிய வாயு குறைந்தால், செவோஃப்ளூரேன் செறிவு கூடினால், சுண்ணாம்பின் வெப்பம் ஏறினால் இதன் அளவும் ஏறும். நோயாளி அதிகக் கரியமில வாயு உற்பத்தி செய்தால் சுண்ணாம்பு கூடுதலாகச் சூடாவதால் அதுவும் இதே திசையில் தள்ளும். எலிகளில் காம்பவுண்ட் ஏ சிறுநீரக நுண்குழல்களை அழிக்கிறது. பல மணி நேரம் தொடர்ந்து சுவாசித்தால் 25 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவிலேயே காயம் தென்படத் தொடங்குகிறது. பழைய சோடா லைமுடன் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டத்தில் மனிதர்களின் சுற்றில் அளக்கப்பட்ட அளவுகள் பெரும்பாலும் 8 முதல் 24 பிபிஎம் வரை இருந்தன. எண்களை மட்டும் பார்த்தால் இரண்டும் அருகருகே நிற்பதாகத் தோன்றும். ஆனால் காம்பவுண்ட் ஏ சிறுநீரக உயிரணுக்களை நேரடியாகக் கொல்வதில்லை. அது உடலிலுள்ள குளூடாதயோன் என்ற பொருளுடன் இணைந்து, பின்பு சிஸ்டீன் சேர்க்கையாகி, சிறுநீரகத்திலுள்ள பீட்டா லயேஸ் என்ற நொதியால் தீங்கான வடிவத்துக்கு மாற்றப்பட வேண்டும். எலியின் சிறுநீரகத்தில் அந்த நொதியின் செயல்பாடு மனிதச் சிறுநீரகத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

1997ல் ஆய்வாளர் எகரும் குழுவினரும் தன்னார்வலர்களுக்கு 2 லிட்டர் ஓட்டத்தில் 1.25 மாக் (கீறலுக்குப் பாதி நோயாளிகள் அசையாமல் இருக்கப் போதுமான ஆவிச் செறிவே 1 மாக்) செவோஃப்ளூரேனை 8 மணி நேரம் கொடுத்தபோது, சிறுநீரில் அல்புமினும் குளுக்கோஸும் நொதிகளும் தற்காலிகமாக உயர்ந்தன. இரத்த யூரியாவும் கிரியேட்டினினும் மாறவில்லை. அதே ஆண்டில் கராஷ் குழுவினர் குறைந்த ஓட்டத்தில் செவோஃப்ளூரேனையும் ஐசோஃப்ளூரேனையும் அறுவை நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது சிறுநீரகச் செயல்பாட்டில் வேறுபாடு காணப்படவில்லை. அடுத்த பல ஆண்டுகளின் மருத்துவ அனுபவமும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. எனவே காம்பவுண்ட் ஏ குறைக்கப்பட வேண்டிய ஒன்று, ஆனால் பீதியடைய வேண்டிய ஒன்றன்று என்பதே என் மதிப்பீடு.

கார்பன் மோனாக்சைடைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சுண்ணாம்பு காய்ந்துபோன நிலையில் டெஸ்ஃப்ளூரேன், என்ஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் ஆகியவற்றிலுள்ள டைஃப்ளூரோமெத்தில் தொகுதி சிதைந்து கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. டெஸ்ஃப்ளூரேனும் என்ஃப்ளூரேனும் மிக அதிகமாகவும் ஐசோஃப்ளூரேன் அடுத்தபடியாகவும் உற்பத்தி செய்கின்றன. ஹாலோதேனிலும் செவோஃப்ளூரேனிலும் அது மிகக் குறைவு. நோயாளிகளிடம் கார்பாக்சி ஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபின், 30%க்கு மேல் ஏறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. 1995ல் வெளியான ஆய்வகச் சோதனைகளில், சோடா லைமில் 4.8% நீராவது இருந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகவில்லை. பேரியம் கலந்த பாரலைம் என்ற மற்றொரு உறிஞ்சிக்கு அந்த எல்லை 9.7%. ஈரத்தின் முக்கியத்துவத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் இல்லை.

காய்ந்த சுண்ணாம்பில் செவோஃப்ளூரேன் வேறு விதமாக நடந்துகொள்கிறது. சோடா லைம் காயும்போது காம்பவுண்ட் ஏ குறையக்கூடும். ஆனால் மருந்தே பெருமளவில் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, மெத்தனால், ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்றவை உருவாகி, கடும் வெப்பம் வெளிப்படுகிறது. காய்ந்த பாரலைமுடன் ஆய்வகத்தில் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் ஏறியது. அமெரிக்க மருத்துவமனைகளில் மூச்சுச்சுற்றுகள் தீப்பிடித்த நிகழ்வுகளும் நடந்தன. 2003ல் செவோஃப்ளூரேன் உற்பத்தியாளர் மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். 2004ல் பாரலைம் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இதெல்லாம் புதிய கவலையுமன்று. 1940களிலேயே டிரைகுளோரோஎத்திலீனைச் சோடா லைமுடன் பயன்படுத்தியபோது டைகுளோரோஅசெட்டிலீன் உருவாகி, முகத்தின் உணர்ச்சியைத் தரும் முக்கிளை நரம்பு உள்ளிட்ட தலை நரம்புகள் செயலிழந்தன.

முதல் படி: சுண்ணாம்பைத் தேர்ந்தெடுத்தல்

மற்ற எல்லாப் படிகளையும் எளிதாக்குவது இந்த ஒரு முடிவு. வாங்கும் டப்பாவின் மேலுள்ள வணிகப் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதன் வேதிக்கூறுகளைப் படிக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்ந்திருந்தால் அதைத் தவிர்த்துவிடலாம். அது இல்லாத, சோடியம் ஹைட்ராக்சைடையும் குறைத்த சோடா லைம்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. இவற்றில் காம்பவுண்ட் ஏ உருவாவது பழைய கலவைகளைவிடக் கணிசமாகக் குறைவு.

இதற்கும் ஒரு படி மேலே, வலிமையான காரமே இல்லாத உறிஞ்சிகள் உள்ளன. 1999ல் அறிமுகமான ஆம்சார்பில் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் கால்சியம் குளோரைடு சேர்க்கப்பட்டது. அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆவியைச் சிதைக்காது. லித்தியம் குளோரைடு சேர்த்த லித்தோலைமும் இதே நோக்கத்தில் வந்தது. இவற்றில் காம்பவுண்ட் ஏயும் கார்பன் மோனாக்சைடும் உருவாவது புறக்கணிக்கத்தக்க அளவுக்கு இறங்குகிறது. முழுக்கக் காய்ந்த நிலையிலும் இது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கிறது. குறை என்னவென்றால், கால்சியம் ஹைட்ராக்சைடு மட்டும் உள்ள வகைகளின் உறிஞ்சும் திறன் குறைவு. சோடா லைம் கொள்கையளவில் 100 கிராமுக்கு 26 லிட்டர் வரை கரியமில வாயுவை ஏற்கும், இவை அதில் பாதியைக்கூட எட்டாமல் போகலாம். விலையும் அதிகம்.

எல்லா மருத்துவமனைகளும் இதை உடனே வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கிலோ விலையை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், ஓட்டத்தை 2 லிட்டரிலிருந்து அரை லிட்டருக்கு இறக்கும்போது மிச்சமாகும் மருந்தின் விலையையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள். செவோஃப்ளூரேன் அதிகம் செலவாகும் தியேட்டர்களில் கூடுதல் செலவில் பெரும்பகுதி அங்கேயே ஈடாகிவிடும். வாங்க இயலாத இடத்தில் நல்ல சோடா லைமும் அடுத்து வரும் ஒழுங்குகளும் போதுமான பாதுகாப்பைத் தரும்.

இரண்டாம் படி: சேமித்தலும் நிரப்புதலும்

சீல் உடைக்காத டப்பா ஈரத்தைத் தக்கவைக்கும். திறந்த டப்பா வெளிக்காற்றில் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கும், குளிர்பதன அறையின் வறண்ட காற்றில் ஈரத்தையும் இழக்கும். திறந்த நாளை டப்பாவின் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள், மூடியை இறுக்குங்கள். மிச்சத்தைத் திறந்த பேசினில் விட்டுவைப்பது கூடவே கூடாது.

நிரப்பும் வேலையைச் சற்றுக் கவனித்துப் பார்த்தால் தவறுகள் எங்கே நுழைகின்றன என்பது தெரியும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ள வேண்டும். இந்தத் தூள் காரமானது, கண்ணில் பட்டால் புண்ணாக்கும். கேனிஸ்டரில் பழைய துகள்கள் ஒன்றுகூட மிஞ்சாமல் கொட்டி, ஈரமில்லாத துணியால் துடைக்க வேண்டும். புதிய துகள்களை மெதுவாகச் சரித்து, பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டித் தட்டி நிரவினால் இடைவெளிகள் அடங்கும். தட்டாமல் நிரப்பினால் வாயு சுவரை ஒட்டிய ஒரே வழியாகப் பாய்ந்துவிடும். அந்த வழியிலுள்ள சுண்ணாம்பு விரைவில் தீர்ந்துபோய், நடுவிலுள்ளது தொடாமலே கிடக்கும். கடைசியாக ரப்பர் வளையத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒற்றைத் துகள் போதும், அரை லிட்டர் ஓட்டத்தில் சுற்று நிரம்பாமல் போவதற்கு. மூடியபின் கசிவுச் சோதனை செய்து, மாற்றிய தேதியையும் நேரத்தையும் கேனிஸ்டரிலேயே ஒட்டுங்கள்.

இரட்டைக் கேனிஸ்டர் உள்ள இயந்திரங்களில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மேலே உள்ளதை மட்டும் மாற்றிக் கீழே உள்ளதை மேலேற்றும் சிக்கன வழக்கம், ஈரத்தின் நிலை தெரியாத சுண்ணாம்பைத் தொடர்ந்து சுற்றில் வைத்திருப்பதாகும்.

மூன்றாம் படி: இயந்திரம் ஓய்வில் இருக்கும் நேரம்

கார்பன் மோனாக்சைடு நிகழ்வுகள் திங்கட்கிழமை காலை முதல் நோயாளியிடம் அதிகம் நடந்ததன் காரணம், வெள்ளி மாலை யாரோ திறந்துவிட்டுப் போன ஆக்சிஜன். நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் ஒரு நாளுக்கு மேலாக வாயு பாய்ந்தால் சுண்ணாம்பு அபாயகரமாகக் காயும். பொங்கலையொட்டி நான்கைந்து நாள் திட்டமிட்ட அறுவைகள் நிற்கும் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில், விடுமுறைக்கு முந்தைய மாலை அணைக்காமல் விட்ட ஒரு ஃப்ளோமீட்டர் (வாயு ஓட்டத்தை அளந்து விடும் கருவி) என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான சுற்றுகளில் புதிய வாயு, சுண்ணாம்புக்கும் உள்மூச்சு வால்வுக்கும் நடுவே நுழைகிறது. மூச்சுப் பையைக் கழற்றிவிட்டால், வால்வின் எதிர்ப்பைத் தாண்டுவதைவிட எளிதான வழியாக, வாயு சுண்ணாம்பின் ஊடாகப் பின்னோக்கிப் பாய்ந்து பை மாட்டும் துளை வழியே வெளியேறும். அதாவது சுத்தம் செய்வதற்காகப் பையைக் கழற்றிவைத்து, ஆக்சிஜனையும் ஓடவிட்டால், உலர்த்துவதற்கென்றே அமைத்த ஏற்பாடுபோல் அது வேலை செய்யும்.

ஆகவே ஒவ்வொரு நாளும் கடைசி நோயாளி வெளியேறியதும் செய்ய வேண்டியவை: எல்லா ஃப்ளோமீட்டர்களையும் பூஜ்யத்துக்கு இறக்குதல், மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரை மூடுதல், இயந்திரத்தின் பிரதான சுவிட்சையே அணைத்தல். சுவிட்ச் போட்டிருக்கும்வரை ஒரு சிறு அளவு ஆக்சிஜனைத் தானாகவே விட்டுக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் இருப்பதால், ஃப்ளோமீட்டரை மட்டும் மூடினால் போதாது. நீண்ட விடுமுறைக்கு முன் சுவரிலுள்ள குழாய் இணைப்பையும் கழற்றிவிடுவது நல்லது. இரண்டு நோயாளிகளுக்கு இடையிலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். தண்டுவட மரப்பூசியில் விழித்திருக்கும் நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுப்பதற்காகச் சுற்றின் வழியே மணிக்கணக்கில் வாயு ஓட்டாமல், சுவரிலுள்ள தனி ஃப்ளோமீட்டரைப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: முதல் நோயாளிக்கு முன்

இயந்திரச் சோதனையோடு மூன்று செயல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்தவுடன், எதையும் தொடுவதற்கு முன், ஃப்ளோமீட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கேனிஸ்டரைத் தொட்டுப் பாருங்கள். பயன்படுத்தாத கேனிஸ்டர் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். ஒட்டிய தேதியைப் படியுங்கள். ஓட்டம் திறந்திருந்தது, எவ்வளவு நேரமென்று தெரியவில்லை என்றால், நிறம் எப்படி இருந்தாலும் சுண்ணாம்பு முழுவதையும் மாற்றிவிடுங்கள். 2005ல் மயக்கவியல் நோயாளி பாதுகாப்பு அறக்கட்டளை அமெரிக்காவில் கூட்டிய வல்லுநர் கூட்டமும் இதையேதான் பரிந்துரைத்தது: ஈரத்தின் நிலை குறித்து ஐயம் இருந்தால் மாற்றுக, ஒரு குறிப்பிட்ட நாளில் தவறாமல் மாற்றுக, அதற்குத் திங்கள் காலை பொருத்தமான நேரம்.

காய்ந்த சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்துச் சரிசெய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தெளித்த நீர் சீராகப் பரவாது. ஓரிடத்தில் கட்டிதட்டும், மற்றோரிடம் காய்ந்தே இருக்கும். ஒரு கேனிஸ்டர் சுண்ணாம்பின் விலைக்காக அந்த நிச்சயமின்மையை நோயாளியின் மேல் ஏற்றக் கூடாது.

ஐந்தாம் படி: அறுவையின்போது ஓட்டமும் மருந்தும்

தொடக்கத்தில் நைட்ரஜனை வெளியேற்றவும் சுற்றை மருந்தால் நிரப்பவும் 4 முதல் 6 லிட்டர் ஓட்டம் தேவைப்படும். வெளிமூச்சின் மருந்துச் செறிவு இலக்கை நெருங்கியதும், பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள், ஓட்டத்தை 1 லிட்டருக்கு இறக்கி, அளவீடுகள் நிலைத்தபின் அரை லிட்டர் வரை செல்லலாம். வளர்ந்த ஒருவரின் ஆக்சிஜன் தேவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் என்பதையும், பக்கவழியாக வாயுவை உறிஞ்சும் மானிட்டர் நிமிடத்துக்கு 150 முதல் 200 மில்லிலிட்டரை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதையும் கணக்கில் வைத்து, அந்த மாதிரி வாயுவைச் சுற்றுக்கே திருப்பிவிட வேண்டும். உள்மூச்சின் ஆக்சிஜன், வெளிமூச்சின் மருந்து, உள்மூச்சின் கரியமில வாயு ஆகிய மூன்றையும் அளக்கும் கருவி இல்லாத இயந்திரத்தில் 1 லிட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது.

செவோஃப்ளூரேனைப் பொறுத்தவரை, மருந்தோடு வரும் அமெரிக்கத் தகவல்சீட்டு ஒரு வரம்பைச் சொல்கிறது: 1 லிட்டர் முதல் 2 லிட்டருக்குக் குறைவான ஓட்டத்தில் 2 மாக் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 1 லிட்டருக்குக் குறைவான ஓட்டம் பரிந்துரைக்கப்படவில்லை. மாக் மணி நேரம் என்பது செறிவையும் நேரத்தையும் பெருக்கி வருவது. 1 மாக் அளவில் இரண்டு மணி நேரமும், அரை மாக் அளவில் நான்கு மணி நேரமும் ஒரே கணக்கு. இந்த வரம்பு எலி ஆய்வுகளின் நிழலில், பழைய சுண்ணாம்புகளின் காலத்தில் வகுக்கப்பட்டது. 2023ல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் குறைந்த ஓட்டத்தில் செவோஃப்ளூரேன் பயன்படுத்துவதை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது. நான் பின்பற்றச் சொல்லும் முறை இது: வலிமையான காரம் இல்லாத, அல்லது பொட்டாசியம் நீக்கிச் சோடியம் குறைத்த சுண்ணாம்பு என்றால் அரை லிட்டர் வரை தயங்காமல் செல்லலாம், கூறுகள் தெரியாத அல்லது பொட்டாசியம் உள்ள சுண்ணாம்பு என்றால் தகவல்சீட்டின் வரம்புக்குள் இருந்துகொள்ளுங்கள், முடிந்தவரை விரைவில் அந்தச் சுண்ணாம்பையே மாற்றிவிடுங்கள்.

மருந்தின் தேவையைக் குறைப்பதும் சிதைபொருளைக் குறைக்கும் வழிதான். நரம்புத் தடுப்பு, வலிநீக்கி மருந்துகள், தேவையான இடத்தில் ஊசிவழி மயக்கமருந்தான புரோபோஃபால் ஆகியவற்றைச் சேர்க்கும்போது ஆவியின் செறிவு இறங்குகிறது. சுண்ணாம்பைக் கடக்கும் மருந்தும் அதற்கேற்பக் குறைகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவருக்கு நீண்ட அறுவை என்றால், காரமில்லாத சுண்ணாம்பையோ முழுவதும் ரத்தக்குழாய்வழி (சிரைவழி) மயக்கத்தையோ தேர்ந்தெடுப்பது விவாதத்துக்கே இடமில்லாத நிம்மதியைத் தரும்.

இங்கே குறைந்த ஓட்டத்தின் ஒரு நன்மையைக் குறிப்பிட வேண்டும். நோயாளியின் மூச்சிலிருந்தும், கரியமில வாயு உறிஞ்சப்படும் வினையிலிருந்தும் நீர் உருவாகிச் சுண்ணாம்பிலேயே தங்குகிறது. ஓட்டம் குறைவாக இருக்கும்வரை சுண்ணாம்பு காய்வதற்கு வாய்ப்பே இல்லை. நாள் முழுவதும் 6 லிட்டரில் ஓடும் இயந்திரத்தின் சுண்ணாம்பு பல நாள் நிறம் மாறாமல் இருக்கும். அதைப் பார்த்துப் பழையதையே தொடர்ந்து பயன்படுத்துவார்கள். காய்ந்துபோவது பெரும்பாலும் அந்தச் சுண்ணாம்புதான்.

ஆறாம் படி: மாற்ற வேண்டிய நேரத்தை அறிதல்

எத்தில் வயலட் என்ற நிறங்காட்டிச் சாயம் சேர்த்த வெள்ளைச் சுண்ணாம்பு தீரும்போது ஊதாவாகும். வேறு சில வகைகள் இளஞ்சிவப்பிலிருந்து வெள்ளையாகும். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு என்பதைத் தியேட்டரில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும், ஒரே மருத்துவமனையில் இரண்டு வகைகளைக் கலந்து வாங்கக் கூடாது. பல இடங்களில் மாறி மாறி வேலைசெய்யும் மயக்கவியல் மருத்துவருக்கு இந்தக் குழப்பம் உண்மையான ஆபத்து. நிறம் காட்டுவது அமிலத்தன்மையை மட்டுமே; வழக்கமான சோடா லைமில் ஈரம் போனதை அது காட்டாது. தீர்ந்த சோடா லைம் இரவு ஓய்வில் மறுபடி வெளுத்துவிடவும் கூடும், ஒளிக்குழலின் வெளிச்சம் எத்தில் வயலட்டைச் செயலிழக்கச் செய்யவும் கூடும். எனவே நிறம் மாறினால் மாற்ற வேண்டும் என்பது சரி. மாறவில்லை என்பதால் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

தீர்ந்துவிட்டதைக் கண்டறிய நம்பகமான அளவு, உள்மூச்சின் கரியமில வாயு. அது பூஜ்யத்திலிருந்து ஏறி 0.5%ஐ, அதாவது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தொட்டால் மாற்றுங்கள்.

ஏழாம் படி: சந்தேகம் எழுந்தால்

மயக்கத்திலுள்ள நோயாளி தலைவலிக்கிறது, குமட்டுகிறது என்று சொல்ல மாட்டார். சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் கார்பாக்சி ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினாகவே எண்ணி 98% என்று காட்டிக்கொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஹீமோகுளோபினைப் பற்றுவதால், திரையில் எண் நன்றாக இருக்கும்போதே திசுக்கள் மூச்சுத் திணறும். குழந்தைகளில் உடலளவு சிறிதாகையால் அதே அளவு வாயு இன்னும் உயர்ந்த செறிவைத் தரும்.

கண்ணிலும் கையிலும் படக்கூடிய அறிகுறிகள் சில உண்டு. குறைந்த ஓட்டத்தில் வேலைசெய்யும் கேனிஸ்டர் இயல்பாகவே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெதுவெதுப்பாக இருக்கும். கை வைக்க முடியாத சூடு இயல்பன்று. வேப்பரைசரைத் திறந்தும் உள்மூச்சில் செவோஃப்ளூரேன் ஏறத் தாமதித்தால், மருந்து நோயாளியை அடைவதற்கு முன் சுண்ணாம்பில் சிதைகிறது என்று பொருள் கொள்ளலாம். புதிதாக நிரப்பிய சுண்ணாம்பு எதிர்பாராத விரைவில் நிறம் மாறுவதும், டெஸ்ஃப்ளூரேன் கொடுக்கும்போது சில வாயு மானிட்டர்கள் பயன்படுத்தாத வேறொரு மருந்தின் பெயரைக் காட்டுவதும் அதே திசையைச் சுட்டுகின்றன. இவற்றுள் எதையாவது கண்டால் காத்திருக்கக் கூடாது.

மயக்க ஆவியை நிறுத்துங்கள். நோயாளியைச் சுற்றிலிருந்து பிரித்து, தனி உருளையிலோ சுவர்க் குழாயிலோ இருந்து 100% ஆக்சிஜனுடன் ஆம்பு பையால் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையால்) மூச்சுக் கொடுத்து, மயக்கத்தைப் புரோபோஃபாலுக்கு மாற்றுங்கள். அதே கேனிஸ்டரை வைத்துக்கொண்டு ஓட்டத்தை மட்டும் கூட்டுவது, காய்ந்த சுண்ணாம்பை மேலும் காயவைக்கும். கேனிஸ்டர் கடுமையாகச் சூடேறியிருந்தால் இயந்திரத்துக்கு வரும் எல்லா வாயுக்களையும் அடைத்துவிட்டு, தீ அபாயமாகவே கருதி நடந்துகொள்ளுங்கள். தமனி இரத்தத்தை, கார்பாக்சி ஹீமோகுளோபினைத் தனியே அளக்கும் கோ-ஆக்சிமீட்டர் வசதியுள்ள கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். சாதாரண இரத்த வாயுக் கருவி கணக்கிட்டுச் சொல்லும் ஆக்சிஜன் செறிவூட்டம் இங்கே உதவாது. புகைப்பவர்களுக்கு அறுவைக்கு முன்பே கார்பாக்சி ஹீமோகுளோபின் 10% வரை இருக்கக்கூடும் என்பதால் முடிவை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

காற்றைச் சுவாசிக்கும்போது நான்கு முதல் ஐந்து மணி நேரமாக இருக்கும் கார்பாக்சி ஹீமோகுளோபினின் அரைவாழ்வு, 100% ஆக்சிஜனில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமாகக் குறைகிறது. ஆகவே செறிவு இறங்கும்வரை, அறுவை முடிந்த பிறகும் ஆக்சிஜனைத் தொடருங்கள். கர்ப்பிணிகளுக்கும், விழித்தபின் குழப்பமோ நரம்புக் குறைபாடோ தெரிபவர்களுக்கும் உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை உள்ள மையத்தோடு அன்றே பேச வேண்டும். கழற்றிய சுண்ணாம்பைக் குப்பையில் கொட்டாமல் காற்றுப் புகாத பையில் கட்டி, தேதியும் இயந்திர எண்ணும் எழுதி வையுங்கள். அதன் நீரளவைச் சோதித்தால்தான் எந்த இரவு எந்த ஓட்டம் திறந்திருந்தது என்ற விசாரணைக்கு அடிப்படை கிடைக்கும். அதே நாள் அதே வரிசையில் இயங்கிய மற்ற தியேட்டர்களின் கேனிஸ்டர்களையும் அடுத்த நோயாளி மேசைக்கு வருவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.